அடைப்பு எங்கே? தென்சென்னைப் புறநகரில் மூக்கு அறுவையும் அதன் பில்லும்

தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் ஏதாவது ஒரு ஈ.என்.டி. மருத்துவரின் காத்திருப்பு அறையில் மாலை நேரத்தில் உட்கார்ந்தால் ‘தண்டு வளைஞ்சிருக்காம்’, ‘உள்ளே சதை வளர்ந்திருக்காம்’ என்ற பேச்சு திரும்பத் திரும்பக் காதில் விழும். கூடவே அடுத்த கேள்வி: ‘ஆபரேஷன் இன்சூரன்ஸ்ல வருமா?’ முதல் இரண்டையும் நாம் டாக்டரோடு பேசுகிறோம். மூன்றாவதைக் கீழ்த்தளத்தில் இருக்கும் இன்சூரன்ஸ் டெஸ்க்கில் பேசுகிறோம். இரண்டும் ஒரே பேச்சு என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். மூச்சு எந்த இடத்தில், எதனால் தடைபடுகிறது என்று தெளிவாகக் கண்டுபிடித்துத் தெளிவாக எழுதி வைக்காவிட்டால் அறுவையும் முழுப் பலன் தராது, க்ளெய்மும் நிற்காது.

காற்றோடு இந்த வட்டாரத்துக்குப் பழைய உறவு உண்டு. காசநோய்க்கு நல்ல காற்றே மருந்து என்று நம்பப்பட்ட காலத்தில், 1928இல், டாக்டர் டேவிட் சவரிமுத்து தாம்பரத்தில் ஒரு காசநோய் இல்லம் தொடங்கினார். இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் அப்படியொரு இல்லத்தை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. 1937இல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. அதுதான் இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையத்துக்கே பெயர் வந்ததும் அதனால்தான். காற்றுக்காக நோயாளிகளைத் தேடி வரவைத்த அந்த ஊரைச் சுற்றி, பின்னால் பல்லாவரம், திரிசூலம் பக்கத்துக் கல்குவாரிகளும், குரோம்பேட்டையின் தோல் தொழிலும், பெருங்குடிக் குப்பைமேட்டின் புகையும், ஜி.எஸ்.டி. சாலையின் ஓயாத போக்குவரத்தும் வந்து சேர்ந்தன. கடலோர ஈரப்பதம் வேறு. மெத்தையிலும் தலையணையிலும் பெருகும் தூசுப்பூச்சிக்கு இந்த ஈரம் மிகவும் பிடிக்கும். ஒவ்வாமை மூக்கடைப்புக்கு முக்கியமான காரணம் அந்தப் பூச்சி. சாலைத் தூசியும் புகையும் ஏற்கெனவே வீங்கிய மூக்கை மேலும் எரிச்சலூட்டுகின்றன.

ஆகவே இங்கே மூக்கடைத்து வருகிற ஒருவருக்குப் பெரும்பாலும் ஒரே காரணம் இருப்பதில்லை. வளைவும் இருக்கும், ஒவ்வாமையும் இருக்கும். குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது.

மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் முன்பகுதி குருத்தெலும்பு, பின்பகுதி எலும்பு. அது முழுக்க நேராக இருப்பவர்கள் குறைவு. ஸ்கேன் எடுத்தால் நம்மில் பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு வளைவு தெரியும். ஆகவே வளைவு இருப்பதாலேயே அறுவை தேவை என்றாகிவிடாது. அந்த வளைவுதான் மூச்சைத் தடுக்கிறதா என்பதே மருத்துவர் விடை காண வேண்டிய கேள்வி. மூக்கின் இரு பக்கமும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி மாறி வீங்கித் தணிவது உடலின் இயல்பு. 1895இலேயே ரிச்சர்டு கைசர் என்ற ஜெர்மானிய மருத்துவர் இதை விவரித்து எழுதியிருக்கிறார். ஒருமுறை இடப்பக்கம், ஒருமுறை வலப்பக்கம் என்று அடைப்பு மாறிக்கொண்டே இருந்தால், அது எலும்பைவிடச் சவ்வின் வேலையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆண்டுக்கணக்கில் ஒரே பக்கம்தான் அடைப்பு என்றால் வளைவைச் சந்தேகிக்கலாம்.

‘சதை’ என்று நோயாளிகள் சொல்வது மூன்று வேறு விஷயங்களில் எதுவாகவும் இருக்கலாம். முதலாவது டர்பினேட். மூக்கின் பக்கச்சுவரில் எல்லோருக்கும் பிறவியிலேயே இருக்கும் மடிப்பு இது. காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்துகிறது. ஒவ்வாமையில் வீங்கும். நடுச்சுவர் ஒரு பக்கம் சாய்ந்தால், மறுபக்கத்து டர்பினேட் அந்த இடத்தை நிரப்பப் பெரிதாகும். இரண்டாவது பாலிப். நீண்டநாள் சைனஸ் அழற்சியில் வரும், வெளிர்நிறத் திராட்சை போன்ற வளர்ச்சி. ஒரு பக்கம் மட்டும் இருந்தால், அல்லது ரத்தம் கலந்து வந்தால், அதைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆக வேண்டும். மூன்றாவது அடினாய்டு. குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறம், தொண்டைக்கு மேலே இருப்பது. வாயைத் திறந்துகொண்டு தூங்கும், குறட்டை விடும் ஆறு வயதுக் குழந்தைக்குப் பெரும்பாலும் பிரச்சினை இதுதான். மூன்றுக்கும் அறுவை வேறு, செலவு வேறு, காப்பீட்டுப் படிவத்தில் எழுதும் குறியீடும் வேறு. ‘சதையை எடுக்கணும்னாங்க’ என்று மட்டும் தெரிந்துகொண்டு வீடு திரும்புகிற குடும்பத்துக்குத் தனக்கு என்ன செய்யப்போகிறார்கள் என்பதே தெரியாது.

நான்காவதாக ஒன்று உண்டு. அது அடிக்கடி விட்டுப்போகிறது. மூக்கின் முன்வாசலுக்குச் சற்று உள்ளே, நடுச்சுவரும் பக்கவாட்டுக் குருத்தெலும்பும் சேரும் இடம், மூச்சுப் பாதையிலேயே மிகக் குறுகலானது. வால்வு என்கிறார்கள். அங்கே கொஞ்சம் இடம் குறைந்தாலும் மூச்சுக்கான தடை பல மடங்கு கூடும். கன்னத்தில் விரல் வைத்து வெளிப்பக்கமாக இழுத்தால் மூச்சு சட்டென்று இலகுவாகிறதா என்று மருத்துவர் பார்ப்பது இந்த வால்வைச் சோதிக்கத்தான். வால்வு சரிந்திருப்பவருக்கு நடுச்சுவரை மட்டும் நேராக்கி அனுப்பினால், பணமும் வலியும் செலவானபின் அடைப்பு அப்படியே இருக்கும்.

கத்திக்கு முன்பு மருந்து. இதில் பல மருத்துவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள், இருக்கவும் வேண்டும். மொமெடாசோன், ஃப்ளுடிகாசோன் போன்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தினமும், சில வாரங்கள் தொடர்ந்து அடிக்க வேண்டும். இரண்டு நாள் அடித்துவிட்டு ‘கேட்கல’ என்று நிறுத்துபவர்கள் அதிகம். அந்த மருந்தின் வேலை மெதுவாகத்தான் தெரியும். ஸ்ப்ரே முனையை நடுச்சுவரை நோக்கி வைக்காமல், அதே பக்கத்துக் கண்ணின் வெளிமூலையை நோக்கிச் சாய்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. உப்புநீரால் மூக்கைக் கழுவுவதும் உதவும். ஆனால் கொதிக்கவைத்து ஆறிய நீராகவே இருக்க வேண்டும். குழாய் நீரை நேரடியாக மூக்கில் ஏற்றக் கூடாது.

மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் சொட்டுமருந்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. சைலோமெட்டாசோலின், ஆக்சிமெட்டாசோலின் வகைச் சொட்டுகள் ஐந்து நிமிடத்தில் மூக்கைத் திறந்துவிடும். அதனாலேயே ஆபத்து. ஒரு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், மருந்து இறங்கியதும் மூக்கு முன்பைவிட மோசமாக அடைக்கும். மறுபடி சொட்டு, மறுபடி அடைப்பு. மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தலையணைக்கு அடியில் அந்தப் பாட்டிலோடு தூங்குபவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். அறுவை பற்றிப் பேசுவதற்கு முன்பு அவர்களுக்கு வேண்டியது அந்தச் சொட்டிலிருந்து விடுதலை.

சானடோரியத்திலேயே 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. பீனிசம் என்று சித்த மருத்துவம் சொல்லும் மூக்கு, சைனஸ் தொல்லைக்கு அங்கே செல்வோர் உண்டு. நொச்சி போட்டு ஆவி பிடிப்பது நம் வீடுகளிலும் வழக்கம்தான், சளிக்கு இதமும் தரும். ஆனால் வளைந்த குருத்தெலும்பை எந்த மருந்தும் நேராக்காது. எந்த முறை மருத்துவமானாலும் இதில் மாற்றமில்லை.

மருந்தை ஒழுங்காக எடுத்தும் அடைப்பு தீரவில்லை, எண்டோஸ்கோப்பியில் தடை தெளிவாகத் தெரிகிறது, தூக்கமும் வேலையும் கெடுகின்றன என்ற நிலையில் அறுவை நியாயமானது. அதற்கு இப்போது நல்ல சான்றும் இருக்கிறது. நெதர்லாந்தில் 203 பெரியவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. பிரிட்டனில் 378 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2023இல் ‘பி.எம்.ஜே.’ இதழில் வந்தது. இரண்டிலும் நடுச்சுவர் அறுவை செய்துகொண்டவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக மேலான நிலையில் இருந்தார்கள். பிரிட்டன் ஆய்வில், 110 வரை போகும் ஒரு தொல்லை அளவுகோலில், ஆறு மாத முடிவில் ஸ்ப்ரேயும் உப்புநீரும் எடுத்தவர்களின் சராசரி 39.5, அறுவை செய்துகொண்டவர்களின் சராசரி 19.9. சிறிய வேறுபாடு அல்ல. ஆனால் அந்த ஆய்வில் சேர்க்கப்பட்டவர்கள் கண்டபடி வந்தவர்கள் அல்லர். வளைவும், அதனால் வந்த தொல்லையின் அளவும் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அந்தத் தேர்வை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனி அறுவை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃப்ரீயரும் கில்லியனும் உருவாக்கிய முறையில் நடுச்சுவரின் பெரும்பகுதியை வெட்டி எடுத்தார்கள். சிலருக்குப் பின்னாளில் மூக்குத் தண்டு உள்வாங்கிச் சரிந்தது. சிகாகோவின் மாரிஸ் காட்டில் போன்றவர்கள் அதன்பின் வளைவை மட்டும் திருத்தி, மற்றதைக் காக்கும் செப்டோபிளாஸ்டியை வளர்த்தெடுத்தார்கள். இன்றும் மேலும் முன்னும் குறைந்தது ஒரு சென்டிமீட்டர் அகலக் குருத்தெலும்பைத் தூண்போல விட்டுவைப்பது அடிப்படை விதி. மூக்குத் துளைக்குள்ளேயே கீறல் போடுவதால் வெளியே தழும்பு இருக்காது. பெரும்பாலும் முழு மயக்கத்தில், ஒரு மணி நேரம் முன்பின் ஆகும். டர்பினேட் பெரிதாக இருந்தால் கூடவே அதைச் சுருக்குவார்கள். சைனஸ் நோய் இருந்தால் எண்டோஸ்கோப் வழியாகச் சைனஸ் அறுவையும் சேரும். அதை ஃபெஸ் என்கிறார்கள்.

டர்பினேட்டை அளவுக்கு மீறி வெட்டிவிட்டால் மூக்கு வெறுமையாகத் திறந்திருந்தும் மூச்சே போகாதது போன்ற கொடிய உணர்வு சிலருக்கு வரும். அதைச் சரிசெய்வது மிகக் கடினம். ஆகவே ‘சதையை மொத்தமா எடுத்துடுங்க டாக்டர்’ என்று யாரும் கேட்க வேண்டாம். எவ்வளவு குறைப்பார்கள், எந்த முறையில் குறைப்பார்கள் என்று கேளுங்கள். மற்றபடி ரத்தக்கசிவு, நடுச்சுவரில் ரத்தம் கட்டுதல், சீழ், ஓட்டை, மேல் முன்பற்கள் சில வாரம் மரத்திருத்தல், மூக்குக்குள் ஒட்டுதல் ஆகியவை இந்த அறுவையில் வரக்கூடியவை. பெரும்பாலோருக்கு வருவதில்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் முன் இவற்றைக் கேட்டறிவது நம் உரிமை. இன்னொன்று: குறட்டைக்காகவே இந்த அறுவை செய்துகொள்ள வருபவர்கள், தூக்கத்தில் மூச்சு நின்றுபோகும் நோய் மூக்கு அறுவையால் மட்டும் பொதுவாகத் தீராது என்பதை முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

பில்லின் உள்ளே

ஒரு நாள் அல்லது இரண்டு நாள் படுக்கைக்கு ஏன் இத்தனை வரிகள் என்று பில்லைக் கையில் வாங்கியவர்கள் திகைப்பது இயல்பு. அறுவை நிபுணர் கட்டணம், உதவியாளர், மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர், எண்டோஸ்கோப் வாடகை, மைக்ரோடிபிரைடர் அல்லது கோப்ளேஷன் கருவி, அறை, நர்சிங், ட்யூட்டி டாக்டர், மருந்து, கையுறை முதல் மூக்கில் வைக்கும் மெரோசெல் பேக் வரை பயன்படுபொருள்கள். இவற்றில் நோயாளி கண்ணுக்குத் தெரியாமல் தொகையை ஏற்றுபவை இரண்டு.

ஒன்று, அறை வகை. பல தனியார் மருத்துவமனைகளில் அறையின் தரம் உயர உயர, நிபுணர் கட்டணமும் தியேட்டர் கட்டணமும் சேர்ந்தே உயரும். அறுவை ஒன்றே, கை ஒன்றே, தியேட்டர் ஒன்றே. படுக்கும் அறை மட்டும் வேறு. இரண்டாவது, ஒருமுறை பயன்படுத்தும் கருவி முனைகள். கோப்ளேஷன் வாண்ட், மைக்ரோடிபிரைடர் பிளேடு ஆகியவை ஒரு வரியிலேயே பில்லைப் பெரிதாக்கிவிடும். என் மூக்குக்கு அவை அவசியமா, சாதாரண முறையில் செய்தால் பலன் குறையுமா என்று முன்கூட்டியே கேட்கலாம். பயன்படுத்தியிருந்தால் அதன் உறையிலுள்ள ஸ்டிக்கரைக் கோப்பில் ஒட்டித் தரச் சொல்லலாம். காப்பீட்டு நிறுவனமும் அதைத்தான் கேட்கும்.

‘பேக்கேஜ்’ என்ற சொல்லில் மயங்கிவிடக் கூடாது. எது உள்ளே, எது வெளியே என்று எழுத்தில் இல்லாத பேக்கேஜ் வெறும் வாய்ப்பேச்சு. நடுச்சுவருக்கு ஒரு பேக்கேஜ் சொல்லிவிட்டு, டர்பினேட்டுக்கும் ஃபெஸ்ஸுக்கும் தனித்தனியே முழுக் கட்டணம் சேர்ப்பது நடக்கிறது. ஒரே மயக்கத்தில், ஒரே வழியில் செய்யும் இரண்டாவது வேலைக்கு முழுத் தொகை நியாயமல்ல. மத்திய அரசு ஊழியர்களுக்கான சி.ஜி.எச்.எஸ். விதியே, பெரிய சிகிச்சையோடு சேர்ந்து செய்யும் சிறிய சிகிச்சைக்குப் பாதிக் கட்டணம்தான் என்கிறது. தாம்பரம் விமானப்படைத் தளத்தைச் சுற்றிக் குடியிருக்கும் முன்னாள் படைவீரர்கள் சார்ந்திருக்கும் ஈ.சி.எச்.எஸ். திட்டமும் அந்த விகிதங்களையே பின்பற்றுகிறது. தனியாகப் பணம் கட்டுபவரும் அதை ஓர் அளவுகோலாக வைத்துப் பேசலாம்.

வரியிலும் ஒரு நுணுக்கம் உண்டு. மருத்துவச் சேவைக்குப் பொதுவாக ஜி.எஸ்.டி. இல்லை. ஆனால் 2022 ஜூலை 18 முதல், தீவிர சிகிச்சைப் பிரிவு நீங்கலாக நாளுக்கு ₹5,000க்கு மேற்பட்ட அறைக்கு 5 சதவீத வரி உண்டு. அழகுக்காகச் செய்யும் அறுவைக்கும் வரிவிலக்கு கிடையாது. அடிபட்டோ பிறவிக் குறையாலோ கெட்ட மூக்கைச் சீரமைப்பது அழகு அறுவை ஆகாது.

காப்பீடு எங்கே நிற்கும், எங்கே வழுக்கும்

மூக்கு அறுவை க்ளெய்ம் பெரும்பாலும் மூன்று இடங்களில் தடுக்கி விழுகிறது.

முதலாவது காத்திருப்புக் காலம். 2020 முதல் எல்லா நிறுவனங்களும் விற்கும் ‘ஆரோக்ய சஞ்சீவனி’ பாலிசியை எடுத்துக்கொள்வோம். புற்றுநோயல்லாத காது மூக்கு தொண்டைக் கோளாறுகள், டான்சில், அடினாய்டு அறுவை எல்லாவற்றுக்கும் அதில் 24 மாதக் காத்திருப்பு. மற்ற பாலிசிகள் பலவற்றிலும் இப்படித்தான். ஏற்கெனவே இருந்த நோய் என்றால் காத்திருப்பு இன்னும் நீளலாம். 2024 ஏப்ரல் முதல் அதற்கு மேல்வரம்பு 36 மாதம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் குறைத்திருக்கிறது. பாலிசி எடுத்த நாலாவது மாதம் ‘பத்து வருஷமா மூக்கடைப்பு’ என்று கேஸ் ஷீட்டில் எழுதப்பட்டால் முடிவு தெரிந்ததுதான். அதற்காக வருடத்தைக் குறைத்து எழுதச் சொல்லி டாக்டரை வற்புறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அது தவறு. பொய் எழுத்து பிடிபட்டால் இந்த க்ளெய்ம் மட்டுமல்ல, பாலிசியே ரத்தாகும் ஆபத்து உண்டு. மூக்கு அறுவை பெரும்பாலும் அவசரமில்லாதது. காத்திருப்பு முடியும்வரை மருந்தோடு தள்ளிப்போட முடியுமா என்று கேட்பதே நேர்வழி. வேறு நிறுவனத்துக்கு பாலிசியை மாற்றினாலும் கழிந்த காலம் கணக்கில் வரும். பழைய மகாபலிபுரம் சாலை அலுவலகங்களில் தரும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பே இருக்காது. வேலை மாறும் முன்பு அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விபத்துக்கு இந்த நோய்வகைக் காத்திருப்பு பொருந்தாது. வண்டியிலிருந்து விழுந்தோ பந்து பட்டோ மூக்கு உடைந்தால், அன்றே மருத்துவமனையில் காட்டி விபத்துப் பதிவேட்டின் நகலை, ‘ஏ.ஆர். காப்பி’யை, வாங்கிக்கொள்ள வேண்டும். உடைந்த எலும்பை இரண்டு வாரத்துக்குள் ஒழுங்காக வைத்துவிடுவதே நல்லது. குழந்தைகளுக்கு இன்னும் சீக்கிரம். நடுச்சுவரில் ரத்தம் கட்டியிருந்தால் அது அன்றைக்கே கவனிக்க வேண்டிய அவசரம். தாமதித்தால் குருத்தெலும்பு கரைந்து மூக்கே சரியும்.

இரண்டாவது தடுக்கல், ‘இது அழகு அறுவை’ என்ற மறுப்பு. வால்வைத் தூக்கி நிறுத்தவோ, வெளித்தண்டும் சேர்ந்து கோணியிருப்பதைத் திருத்தவோ செய்யும் செப்டோரைனோபிளாஸ்டியில் இது அடிக்கடி வரும். மூச்சுத்தடைக்கு எண்டோஸ்கோப்பிப் படம், எந்த மருந்து எத்தனை வாரம் எடுத்தும் தீரவில்லை என்ற குறிப்பு, பழைய அடியின் பதிவு, மருத்துவத் தேவை என்று சிகிச்சை மருத்துவரின் சான்று ஆகியவை அறுவைக்கு முன்பே கோப்பில் இருந்தால்தான் வாதாட முடியும். நடுச்சுவர் வளைவை மட்டும் உறுதிப்படுத்த சி.டி. ஸ்கேன் தேவையில்லை. சைனஸ் நோய் சந்தேகம் இருந்தால்தான் தேவை. ஆனால் பல காப்பீட்டு நிறுவனங்கள் அதைக் கேட்கின்றன என்பதால் எடுக்கவேண்டி வருகிறது.

மூன்றாவது, அறை வாடகை வரம்பு. நாளுக்கு ₹5,000 வரம்புள்ள பாலிசியோடு ₹8,000 அறையில் படுத்ததாக வைத்துக்கொள்வோம். வித்தியாசம் ₹3,000தானே என்று நினைப்போம். நிறுவனமோ அதே விகிதத்தை நிபுணர், மயக்கம், தியேட்டர் கட்டணங்களுக்கும் பொருத்தும். அவை சேர்ந்து ₹64,000 என்றால் எட்டில் ஐந்து பங்கு, ₹40,000தான் கிடைக்கும். மீதி ₹24,000 நம் பையிலிருந்து. ஆனால் 2020 ஜூனில் ஆணையம் இதற்கு எல்லை வகுத்தது. மருந்து, பயன்படுபொருள், உள்வைப்புக் கருவி, பரிசோதனைக் கட்டணங்களில் இந்த விகிதக் கழிவு கூடாது. அறைக்கு அறை கட்டணம் மாற்றாத மருத்துவமனையிலும் கூடாது. கழிவுப் பட்டியல் கைக்கு வந்ததும் இதைச் சரிபார்ப்பவர் வெகு சிலரே.

கேஷ்லெஸ் முன்அனுமதிக்கு ஒரு மணி நேரத்திலும், வீடு செல்லும் நாளின் இறுதி அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் பதில் தர வேண்டும் என்பது 2024 மே மாத உத்தரவு. மூன்று மணி நேரம் தாண்டியதால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் கேட்டால் அது நிறுவனத்தின் பொறுப்பு. அட்மிஷனுக்கு முன் 30 நாள், வீடு திரும்பியபின் 60 நாள் ஆன செலவுகளையும் ஆரோக்ய சஞ்சீவனி போன்ற பாலிசிகள் தருகின்றன. மூக்கு அறுவையில் இது முக்கியம். ஏனென்றால் முன்னால் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன். பின்னால் பேக் எடுத்தல், பொருக்கு நீக்கிச் சுத்தம் செய்தல், ஸ்ப்ரே என்று வெளியே ஆகும் செலவு கணிசமானது. கேஷ்லெஸ் முடிந்துவிட்டது என்று அந்த ரசீதுகளைத் தூக்கிப்போடுகிறோம்.

நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்திலும் பெருங்குடியிலும் அமெரிக்க மருத்துவமனைகளுக்கான மெடிக்கல் கோடிங், பில்லிங் வேலை செய்கிறார்கள். நடுச்சுவர் அறுவைக்கு 30520, நோய்க்கு ஜே 34.2 என்று அவர்களுக்கு மனப்பாடம். மருந்து பலிக்கவில்லை என்ற குறிப்பு இல்லாவிட்டால் அந்த நாட்டுக் காப்பீடு பணம் தராது என்பதும் தெரியும். அறுவைக்குப் பிந்தைய 90 நாள் வழக்கமான கவனிப்புக்கு அங்கே நிபுணர் தனியே கட்டணம் வாங்க முடியாது என்பதும் தெரியும். அந்தப் பயிற்சியை அப்பா அம்மாவின் டிஸ்சார்ஜ் சம்மரிமேல் அவர்கள் ஒருமுறை திருப்பட்டும். இந்தியக் காப்பீட்டுப் படிவத்தின் மருத்துவமனைப் பகுதியிலும் நோய்க்குறியீட்டுக் கட்டம் இருக்கிறது. டர்பினேட் வீக்கத்துக்கு ஜே 34.3, பாலிப்புக்கு ஜே 33, அடினாய்டுக்கு ஜே 35.2. உள்ளே செய்தது ஒன்று, கட்டத்தில் எழுதியது வேறொன்று என்றால் க்ளெய்ம் அங்கேயே சிக்கும்.

பணமில்லாதவர் எங்கே போவது

மூக்கடைப்புக்குத் தனியார் மருத்துவமனைதான் கதி என்று நினைக்க வேண்டியதில்லை. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரிக்குத் தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலே போகிறது. சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைக்கென்றே உயர்நிலை நிறுவனம் இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், உண்மைதான். ஆனால் அவசரமில்லாத அறுவைக்குக் காத்திருக்கலாம். அரசு மருத்துவமனையில் காப்பீட்டு அட்டை கேட்கிறார்களே என்று சிலர் பதறுகிறார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளும் தொகை பெறுகின்றன. அதற்காகக் கேட்கிறார்கள், நோயாளியிடம் வாங்க அல்ல.

2009இல் தொடங்கி 2012இல் இன்றைய பெயரைப் பெற்ற அந்தத் திட்டத்தில், ஆண்டு வருமானம் ₹1,20,000க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை பாதுகாப்பு உண்டு. எல்லா அறுவையும் எல்லா மருத்துவமனையிலும் கிடைப்பதில்லை. தனக்குச் சொல்லப்பட்ட அறுவையின் சரியான பெயரோடு, அந்த மருத்துவமனையின் திட்ட அலுவலரிடம் கேட்க வேண்டும். ‘சதை எடுக்க’ என்று கேட்டால் பதில் கிடைக்காது.

மெப்ஸ், மறைமலை நகர், குரோம்பேட்டைத் தொழிற்கூடங்களில் மாதம் ₹21,000 வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை அவர்களுடையது. சிகிச்சை இலவசம் என்பது தெரியும். அறுவைக்குப்பின் ஓய்வு நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை நோய்ப்படி உண்டு என்பது பலருக்குத் தெரியாது. தூசியில் வேலை செய்யும் தொழிலாளி, சம்பளம் போகுமே என்று மூன்றாம் நாளே வேலைக்குத் திரும்பி மூக்கைக் கெடுத்துக்கொள்வதைவிட, மருத்துவச் சான்று வாங்கி இந்தப் படியைக் கோருவது நல்லது.

மறுப்பு வந்தால் சோர்ந்துவிட வேண்டாம். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஆணையத்தின் ‘பீமா பரோசா’ இணைய வழியிலும், 155255 எண்ணிலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் கைவிரித்த ஓராண்டுக்குள் போக வேண்டும். மருத்துவமனையோடு தகராறு என்றால் நுகர்வோர் ஆணையம். மருத்துவச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995இல் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல், உயிர் காக்கும் அவசரம் இல்லாதவரை, இன்னொரு சிகிச்சைக்கான ஒப்புதல் ஆகாது என்று 2008இல் சமீரா கோலி வழக்கில் சொன்னது. நடுச்சுவருக்குக் கையெழுத்திட்டவருக்கு ஃபெஸ்ஸும் செய்து பில் போட்டால் இந்தத் தீர்ப்பு நினைவுக்கு வர வேண்டும். கேஸ் ஷீட் நகலைக் கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர மருத்துவர் கடமைப்பட்டவர் என்பது 2002 முதல் மருத்துவ ஒழுங்குமுறை விதி.

இந்த வட்டாரத்து மருத்துவமனைகளிடம் ஒரு வேண்டுகோள். அறுவைக்குத் தேதி குறிக்கும் முன்பே ஒரே ஒரு தாள் தாருங்கள், தமிழில். அடைப்பு எங்கே, நடுச்சுவரா, டர்பினேட்டா, வால்வா, பாலிப்பா என்பது. எந்த மருந்து எவ்வளவு நாள் கொடுத்துப் பார்த்தோம் என்பது. செய்யப்போகும் ஒவ்வொரு அறுவையின் பெயரும் கட்டணமும். அறை மாறினால் எது மாறும், பேக் எடுப்பதும் பின்கவனிப்பும் உள்ளே அடங்குமா என்பது. இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வாசகர்கள் அந்தத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தர மறுக்கும் இடத்தில் அறுவைக்கு அவசரப்பட்டு முன்பணம் கட்டாதீர்கள்.